ஊசிமலைச் சிவப்பு நூல்

காலையில் ஊசிமலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை சனத்துக்கும் முன்னால் கள்ளனைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் துப்பறியும் சின்னராசா. அந்தச் சின்னராசாவுக்கு, மஸ்கெலியா பஜாரில் முனாப் நானா கடைப் பிளேன்டீ தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"என்னண்ணே, கேசு முடிஞ்சிருச்சு. மூஞ்சி மட்டும் எழவு வீட்டு மூஞ்சியா இருக்கு?" என்றான் ரிஸ்வி.

ரிஸ்வி அவருடைய உதவியாளன். ஹட்டனில் வாப்பாவுக்குப் பெரிய புடவைக்கடை இருக்கிறது. அங்கே துணி கிழிக்காமல் இவரோடு ஊர் சுற்றுகிறான். வாய் மட்டும் இல்லாவிட்டால் இவனை நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பெற்ற வாப்பாவே சொல்வார்.

கேசு இதுதான். தோட்டத்து ஆட்கள் ஸ்டோரு என்று சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில், நல்ல தூள் சாக்குக்குச் சிவப்பு நூலால் வாய் தைப்பார்கள். அது கொழும்புக்குப் போகும். கழிவுத்தூள் சாக்குக்குப் பச்சை நூல். அது மஸ்கெலியா வியாபாரி ஒருவருக்கு உரத்துக்குப் போகும். தூக்குகிறவர்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்று எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை செய்துவிட்டுப் போன ஏற்பாடு. போன வாரம் கொழும்பு லொறியில் கழிவு போயிருக்கிறது, வியாபாரியின் கிட்டங்கியில் நல்ல தூள் இருந்திருக்கிறது. இரண்டையும் ஏற்றியவன் அழகன். பொண்ணு பார்த்துக்கொண்டிருக்கிற வயசு.

சின்னராசா என்ன செய்தார்? பெரட்டில் இரண்டு சாக்கை வைத்து, "சிவப்பு நூல் சாக்கைத் தூக்குடா" என்றார். அழகனுக்கு வேர்த்துக் கொட்டியது. அங்கே பார்த்தான், இங்கே பார்த்தான், கடைசியில் பச்சை நூல் சாக்கில் கை வைத்தான். "பாத்தீங்களா? மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்!" என்று பெரிய மனுசன் பழமொழி வேறு சொன்னார். கணக்கப்பிள்ளை ஆண்டியப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். "தாத்தன் புத்தி பேரனுக்கு! ரத்தம் எங்க போகும்?" என்றார். களம் முழுக்கச் சிரித்தது. நாளைக் காலைப் பெரட்டில் பத்துச்சீட்டு என்று துரை சொல்லிவிட்டார். சீட்டுக் கிழித்தால் வேலையும் போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும், தாயும் மகனும் தெருவுக்கு வரவேண்டியதுதான்.

அப்போது அழகனின் தாய் அம்மாக்கண்ணு, தலையில் போட்டிருந்த கம்பளியை முகத்துக்கு இழுத்து மூடிக்கொண்டாள். மழை இல்லை, பனி இல்லை. அந்தக் கம்பளிதான் சின்னராசாவின் தொண்டையில் நின்றது.

"அண்ணே, ஒண்ணு சொல்லவா? அடிக்கக் கூடாது."

"சொல்லித் தொலை."

"களவாணிப் பயலுக்குக் கண்ணு சாக்கு மேலதானே இருக்கணும்? இவன் நூலையே பாக்கலை. கணக்கப்புள்ள மூஞ்சியப் பாத்தான், உங்க மூஞ்சியப் பாத்தான், அவங்க அம்மா மூஞ்சியப் பாத்தான். எங்க கடைக்கு ஒரு மனுசன் வருவாரு, அச்சு அசல் இப்பிடித்தான். துணியப் பாக்க மாட்டாரு, வாப்பா மூஞ்சியப் பாத்துத்தான் துணி எடுப்பாரு. ஒருநா பச்சைத் துணியத் தூக்கிக் காட்டி, 'இந்தச் சிவப்பு சாயம் போகுமா?'ன்னு கேட்டாரு. வாப்பா, நான், கடைப்பூனை, மூணு பேரும் சிரிச்சோம்."

சின்னராசா கிளாசை வைத்தார். வைத்த கை கிளாசை விட்டு வரவில்லை.

மனுசன் ஒரு காலத்தில் ஹட்டனில் விஞ்ஞானம் படிப்பித்த வாத்தியார். 'நிறக்குருடு' என்று கரும்பலகையில் தலைப்பு எழுதி, கீழே கோடு வேறு போட்டவர். மூன்று வருசம் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டிய சங்கதி, இன்று காலை முகத்துக்கு முன்னால் வேர்த்து நின்றபோது அடையாளம் தெரியவில்லையே! அத்தனை பேர் முன்னால் பழமொழி வேறு சொன்னாயே, சின்னராசா!

"எந்திரிடா. உங்க கடை நூல்துண்டு பையில இருக்கா?"

"எப்பவும் இருக்கும். ஊசிமலைக்கு நூல் இல்லாமப் போகலாமா?"

லயத்து வாசலில் அழகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ரிஸ்வி நூல்துண்டுகளை அவன் முன்னால் கொட்டினான். சிவப்பை ஒரு பக்கம், பச்சையை ஒரு பக்கம் பிரிக்கச் சொன்னார் சின்னராசா. அழகன் இரண்டையும் கலந்து கலந்து வைத்தான். கடைசியில் அப்படியே விட்டுவிட்டான்.

"எல்லாம் ஒரே மாதிரி மண்ணு நெறமாத்தாங்க இருக்கு" என்றான் தரையைப் பார்த்து.

"அப்போ இத்தனை நாள் எப்படிடா ஏத்தினே?"

"சன்னல் பக்கம் அடுக்கினது கொழும்புக்கு, செவத்துப் பக்கம் அடுக்கினது கழிவு. அத வச்சுத்தாங்க. போன வாரம் கூரை ஒழுகுதுன்னு நான் இல்லாத நேரத்துல எடத்த மாத்திட்டாங்க போல."

"அதை வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"வெக்கமா இருந்துச்சுங்கய்யா. குருடன்னு சொன்னா ஸ்டோரு வேலை போயிரும், எவனும் பொண்ணு குடுக்க மாட்டான். குருடன்னு பேரு எடுக்கப் பயந்து திருடன்னு பேரு எடுத்துட்டேன்."

சின்னராசாவுக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேரே ஸ்டோருக்கு நடந்தார்.

ஆண்டியப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார். "நல்லா நடிக்கிறான்னு சொல்லுங்க. செத்துப்போன அவன் அப்பன் இதே ஸ்டோருல தூள் நெறம் பாத்துப் பக்குவம் சொன்னவன். ஆத்தாக்காரி கொழுந்துக் கூடையில ஒரு பழுத்த எல பாக்க முடியாது. ரெண்டு பேருக்கும் கண்ணாடி மாதிரி கண்ணு. மகனுக்கு மட்டும் எங்கேருந்துங்க வந்துச்சு குருடு? அவனுக்கு வந்தது தாத்தன் மூக்கன் புத்தி. அம்மன் சேலையத் திருடுன பய அவன்!"

"தாத்தன்னா, அம்மாவோட அப்பாவா?"

"ஆமா. அம்மாக்கண்ணோட அப்பன்."

சின்னராசா நிமிர்ந்தார். "அந்தச் சேலைக் கதையைச் சொல்லுங்க" என்றார்.

கதை சின்னது. அப்போது மூக்கன் தோட்டத்தில் நல்ல பேர் உள்ள ஆள். மாரியம்மன் திருவிழாவுக்கு அம்மனுக்குச் சாத்தச் சிவப்புச் சேலை வாங்கி வர அவரைத்தான் ஹட்டனுக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் அதே தினுசில், அதே கரையில், தன் மகளுக்கும் ஒரு பச்சைச் சேலை வாங்கினார். திருவிழாவன்று பூசாரி பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே பச்சைச் சேலை! திரும்பிப் பார்த்தால் கூட்டத்துக்கு நடுவில், அம்மனுடைய சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு குமரிப்பெண் அம்மாக்கண்ணு நிற்கிறாள். பொம்பளைகள் அவளைக் கோயிலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ச் சேலையை உருவினார்கள். மூக்கனை அன்றே தோட்டத்தை விட்டு விரட்டினார்கள். மகளை அதே தோட்டத்தில் ஒரு நல்ல மனுசன் கட்டிக்கொண்டான்.

அம்மாக்கண்ணு மலையிலிருந்து மத்தியானக் கொழுந்து நிறுக்க இறங்கி வந்தாள். சின்னராசா வழியில் நிறுத்தினார்.

"அக்கா, உங்க அப்பா இப்போ எங்க இருக்காருங்க?"

"எனக்கு அப்பா இல்லீங்க" என்று கூடையை இறக்காமலே நடந்துவிட்டாள். பின்னால் வந்த கிழவி ஒருத்திதான், "டயகம தோட்டத்துல உசிரோடதான் இருக்காரு, சாமி" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுப் போனாள்.

டயகம பஸ்ஸில் ரிஸ்வி ஆரம்பித்தான். "அண்ணே, கணக்கப்புள்ள கேட்டது ஞாயம்தானே? அப்பனுக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. வழியில போன நிறக்குருடு, கதவத் தட்டிட்டா உள்ள வந்துச்சு?"

"நூலை எடு. நம்ம உடம்புல உசிர்க்கலம் ஒவ்வொண்ணுக்குள்ளயும் நூல் மாதிரி சோடி சோடியா இருக்கு. நிறமூர்த்தம்னு பேரு. சோடியில ஒண்ணு அப்பன் குடுத்தது, ஒண்ணு ஆத்தா குடுத்தது. அந்த நூல் நெடுக முடிச்சு முடிச்சா இருக்கிறது பரம்பரையலகு. மூக்கு, முடி, கண்ணு எல்லாம் அந்த முடிச்சு சொன்ன மாதிரிதான்."

"எங்க வாப்பா சொட்டையும் அதுலதான் வருதா? சொல்லாதீங்க."

"கேளுடா. ஒரே ஒரு சோடியில மட்டும் வித்தியாசம். பொம்பளைக்கு ரெண்டும் நீள நூல். ஆம்பளைக்கு ஒண்ணு நீளம், ஒண்ணு கட்டை."

"ஆம்பளைக்கு அளவுல குறைச்சிட்டாங்களா? எந்தக் கடைக்காரன்?"

"நிறம் பாக்கிற முடிச்சு நீள நூல்லதான் இருக்கு. அப்பன் தன் மகனுக்குக் குடுக்கிறது கட்டை நூலை. நீள நூல் மகளுக்குத்தான் போகும். மூக்கனோட நீள நூல்ல அந்த முடிச்சு கெட்டிருந்தா, தப்பாம அம்மாக்கண்ணுக்கு வந்திருக்கும். ஆனா அவங்களுக்கு அவங்க அம்மா குடுத்த நல்ல நூல் இன்னொண்ணு இருக்கு. அதால கண்ணு பளிச்சுன்னு தெரியும். கெட்டது சத்தமில்லாம உள்ளயே கிடக்கும். மகனுக்குக் குடுக்கிறப்போ ரெண்டுல ஒண்ணு. கெட்டது போய்ச் சேர்ந்துச்சுன்னா, அவனுக்குக் கைகுடுக்க வேற நீள நூல் கிடையாது."

ரிஸ்வி நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ தாத்தன்கிட்டருந்து பேரனுக்குத்தான் வந்திருக்கு. சனம் சொன்னது சரிதான்கிறீங்க!"

"பாதி சரி. வந்தது புத்தி இல்லை, கண்ணு. களவுக்குன்னு ஒரு முடிச்சு எந்த நூல்லயும் கிடையாது."

"மூக்கனுக்கு நல்ல கண்ணா இருந்தா?"

"பாட்டி வழியிலயும் வந்திருக்கலாம். ஆனா ஆண்டியப்பன் வாயை மூட எங்கிட்ட ஒண்ணும் இருக்காது. நாளைக்குக் காலையில அந்தப் பயலுக்குச் சீட்டுக் கிழியும். கிழிக்க வச்சது நான்."

டயகமயில் லயத்துக் கோடியில் மூக்கன் தக்காளி போட்டிருந்தார். மெலிந்த, உயர்ந்த கிழவர். ரிஸ்வி ஒன்றும் தெரியாத பிள்ளை போல, கறிக்குக் கொஞ்சம் பழம் வேண்டும் என்றான். கிழவர் பாத்திக்குள் குனிந்து ஒவ்வொரு காயாகப் பிடித்துப் பிடித்து அமுக்கினார். நன்றாகச் சிவந்த ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததைத் தடவினார்.

"பெரியவரே, செவப்பாப் பாத்துப் பறிங்களேன்."

"பாத்தா என்னா தெரியும் தம்பி? தொட்டாத்தானே தெரியும்."

ரிஸ்வி சின்னராசாவைப் பார்த்தான்.

"நாங்க ஊசிமலையிலருந்து வர்றோமுங்க" என்றார் சின்னராசா.

கிழவரின் கை செடியிலேயே நின்றது. "அம்மாக்கண்ணு அனுப்புனாளா?"

சின்னராசா கீழே உதிர்ந்து கிடந்த காயைக் குனிந்து எடுத்தார். அவள் அனுப்பவில்லை என்று கிழவருக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. வெளியே வந்து கல்லில் உட்கார்ந்தார். சேலைக் கதையைக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

"மாறிப்போச்சுன்னு கால்ல விழுந்து சொன்னேனுங்க. எப்படி மாறும்னாங்க. எனக்கே தெரியலையே, நான் என்னத்தச் சொல்ல? கடைக்காரர் இது செவப்பு, இது பச்சைன்னு குடுத்தாரு. வர்ற வழியில மழை. பொட்டலம் நனையுதேன்னு பிரிச்சு மடிச்சேன். வேற ஒண்ணும் பண்ணலீங்க. எம் புள்ளையே என்னைய ஏறெடுத்துப் பாக்கலை."

சின்னராசா அழகனைப் பற்றிச் சொன்னார். நூலையும் முடிச்சையும் ரிஸ்வியே மெதுவாக விளக்கினான். கிழவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க முகம் சுருங்கியது.

"அப்போ அது நான் குடுத்ததுதானா? நான் பாக்காத பேரன் சாமி. ஒரு இனிப்பு முட்டாசி வாங்கிக் குடுத்ததில்ல. குடுத்தது இது ஒண்ணுதானா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூட வரச் சொல்லிக் கூப்பிட்டதற்கு, அந்தத் தோட்டத்து எல்லையை மிதிக்க மாட்டேன் என்றார். மடியில் அள்ளிய தக்காளியை மட்டும் ரிஸ்வியின் பையில் போட்டார்.

மறுநாள் பெரட்டில் சின்னராசா அதே இடத்தில் நின்றார். துரை கையில் சீட்டு இருந்தது.

"நேத்து நான் இந்தப் பிள்ளைக்குத் திருடன்னு பேரு வச்சேன். அது தப்பு. இவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. இவன் தாத்தாவுக்கும் தெரியாது. அவருகிட்ட இருந்து தாய் வழியா வந்த கண்ணு இது. எல்லார் முன்னாலயும் சொன்னதை எல்லார் முன்னாலயும் வாபஸ் வாங்கிக்கிறேன். மன்னிச்சிருப்பா, அழகா."

"ஆகா!" என்றார் ஆண்டியப்பன். "திருட்டுப் பேரனுக்குத் திருட்டுத் தாத்தன் சாட்சியா? தொரை, ஐயா போய்ச் சொன்னதும் கெழவன் 'ஆமாங்க, எனக்கும் தெரியாதுங்க'ன்னு புடிச்சுக்கிட்டான். அன்னிக்கு அவனுக்குத் தெரியலைங்கிறதுக்கு என்னா அத்தாட்சி? கண்ணு தெரியாதவன், நல்ல சேலையாப் பாத்துத்தான் வீட்டுக்குக் கொண்டு போனானா?"

துரை சின்னராசாவைப் பார்த்தார். தக்காளியைக் காட்டியா வாதாட முடியும்? துரை சீட்டைப் பிரித்தார்.

"நான் ஒண்ணு சொல்லணுமுங்க."

பெண்கள் வரிசையிலிருந்து அம்மாக்கண்ணு வந்தாள். முகத்தில் கம்பளி இல்லை.

"அந்தச் சேலை எங் கைக்கு வந்தப்போ எங்கப்பா ஒண்ணு சொன்னாருங்க. யாருகிட்டயும் நான் சொன்னதில்ல. 'இந்தாம்மா, நீ ஆசைப்பட்டுக் கேட்ட கிளிப்பச்சை'ன்னு குடுத்தாரு. பிரிச்சா ரத்தச் செவப்பு. கேலி பண்றாருன்னு நெனச்சுச் சிரிச்சுக்கிட்டே கட்டிக்கிட்டேன். அப்புறம் கோயிலுக்குப் பின்னால..." மகனை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "திருடிக் குடுத்ததும் இல்லாம என்னையக் கேலியும் பண்ணியிருக்காருன்னுதான் இத்தனை வருசம் நெனச்சேன். வெக்கத்துல வாயத் தொறக்கலை. செவப்பத் திருடுறவன் பச்சைன்னு சொல்லியா குடுப்பான், தொரை?"

நேற்றுச் சிரித்த பொம்பளைகளில் இரண்டு மூன்று பேர் கம்பளியை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். கோயிலுக்குப் பின்னால் அவளை இழுத்துப் போனவர்களும் அதில் இருந்திருக்கலாம். ஆண்டியப்பன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

துரை சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். "அழகன், நீ வேலைக்குப் போ" என்றார்.

"தொரை, ஒரு சின்ன யோசனைங்க" என்றான் ரிஸ்வி. "செவப்பு நூலுக்கு ரெண்டு முடிச்சு, பச்சைக்கு ஒரு முடிச்சு. கண்ணு ஏமாத்தினாலும் விரலு ஏமாத்தாது." துரை தலையாட்டினார்.

வழியில் அம்மாக்கண்ணு சின்னராசாவை நிறுத்தினாள். "அவரு நல்லா இருக்காருங்களா?"

"இருக்காரு அக்கா. ஒரு தடவை போய்ப் பாருங்க."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுங்க போவேன்?"

சின்னராசாவுக்கு அந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். நேற்றிலிருந்து அவரும் அதையேதான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரிஸ்வி வாப்பாவின் ஹட்டன் கடையில் சின்னராசா உட்கார்ந்திருந்தபோது அம்மாக்கண்ணு படியேறி வந்தாள். பின்னால் அழகன் கையில் முட்டாசிப் பொட்டலத்தோடு நின்றான்.

"டயகம பஸ்ஸுக்குப் போறோம் தம்பி. கிளிப்பச்சையில ஒரு சேலை குடுங்க. இங்கேயே மாத்திக்கிறேன்."

ரிஸ்வி தலையைச் சொறிந்தான். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க எந்த நெறத்துல கட்டிக்கிட்டுப் போனாலும் அவருக்கு ஒண்ணுதானே? தெரியவா போகுது?"

"அவருக்குத் தெரியாது தம்பி. எனக்குத் தெரியும்ல?"

ரிஸ்வி வாயை மூடிக்கொண்டு ஏணியைச் சாத்தி மேல்தட்டில் ஏறினான்.